அப்பா சேர்த்த 17,000 ரிங்கிட்டில் ரோம்

அப்பா தபால் நிலையத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். வெளிநாட்டு அஞ்சல்தலைகள் என்றால் அவருக்கு உயிர். அந்த ஆல்பத்தில் இத்தாலிக்கு மட்டும் இரண்டு பக்கம் இருந்தது. ‘நீ பணி ஓய்வு பெற்றதும் ரோமாபுரிக்குப் போறோம்’ என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவர் ஓய்வு பெறுவதற்கு எட்டு மாதம் முன்பு அப்பா போய்விட்டார். ரோம் பயணத்துக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிய வந்தது. அதில் 17,000 ரிங்கிட் சொச்சம் இருந்தது.

மூன்று ஆண்டு கழித்து ஒருநாள் அம்மாவே பேச்சை எடுத்தார். “போவோம். ஆனா அப்பா காசுக்குள்ளதான் போவணும். உன் காசு ஒரு சென் வேணாம்.” நான், அம்மா, பதினான்கு வயதான அக்கா மகள் என மூன்று பேர். 17,000 ரிங்கிட்டுக்குள் ஐரோப்பா. முடியுமா என்று கேட்டால், முடியும். எனக்கு முடியவில்லை, அதற்குக் காரணமும் நான்தான். அதையும் சேர்த்தே சொல்கிறேன். நீங்களாவது மிச்சப்படுத்துங்கள்.

எல்லாக் கணக்கிலும் ஒரு யூரோவை ஐந்து ரிங்கிட் என்று வைத்திருக்கிறேன். சொல்லும் விலைகள் நாங்கள் போனபோது இருந்தவை. புறப்படும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஞாயிறு கணக்கு

மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு இத்தாலிக்கு விசா தேவையில்லை. 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் இணையவழி முன் அனுமதி ஒன்றைக் கொண்டுவருகிறது. அது நடப்புக்கு வந்துவிட்டதா என்பதை அதிகாரத்துவ இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விமானச் சீட்டைப் பொறுத்தவரை எந்த நாள் போகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஜூன், ஜூலையில் வெயிலும் கொளுத்தும், விலையும் கொளுத்தும். நாங்கள் நவம்பர் கடைசியைத் தேர்ந்தெடுத்தோம். வளைகுடா வழியாக ஓர் இடத்தில் மாறிப் போகும் விமானம், ஆளுக்கு 2,900 ரிங்கிட். அவ்வப்போது மழை, காலையில் நல்ல குளிர். ஒரு கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் போதும்.

நவம்பர் கடைசி என்று முடிவெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. வாத்திகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம். இத்தாலிய அரசின் அருங்காட்சியகங்களும் தொல்பொருள் இடங்களும் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். கொலோசியமும் பாந்தியோனும் அதில் அடக்கம். ஒரு மாதத்தின் கடைசி ஞாயிறுக்கும் அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறுக்கும் இடையே சரியாக ஏழே நாள். சனிக்கிழமை போய் இறங்கி, அடுத்த வாரம் ஞாயிறு இரவு விமானம் ஏறினால் எட்டு இரவில் இரண்டு இலவச ஞாயிறும் கையில். இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமைதான் காலை வாரியது.

92 படிகள்

தங்குமிடம் தேடும்போது மலிவிலிருந்து விலையேற்றத்துக்கு வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் எனக்கு. மத்திய ரயில் நிலையமான தெர்மினிக்கு அருகில் ஓர் அடுக்குமாடி அறை ஓர் இரவுக்கு 60 யூரோ. பணம் திருப்பித் தர மாட்டார்கள் என்பதால் இன்னும் கொஞ்சம் மலிவு. எட்டு இரவுக்கும் 480 யூரோவை அப்போதே கட்டினேன். ‘மூன்றாம் மாடி’ என்று போட்டிருந்தது. மூன்று மாடிதானே என்று நினைத்தேன். மின்தூக்கி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

ரோமின் பழைய கட்டடங்களில் ஒவ்வொரு தளமும் நம் வீட்டுக் கூரையைவிட ஒன்றரை மடங்கு உயரம். தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே ஓர் அரைமாடி வேறு. அக்கா மகள் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினாள். மொத்தம் 92. அம்மாவுக்கு அறுபத்து நான்கு வயது, வலது முழங்காலில் தேய்மானம். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ரொம்பவா இருக்கு மா?” என்று கேட்டேன். “இல்ல, கட்டடம் அழகா இருக்கு, பார்க்கிறேன்” என்றார்.

மறுநாள் கடைசி ஞாயிறு. வாத்திகன் அருங்காட்சியகம் காலை 9 மணிக்குத் திறந்து, பகல் 12.30க்குள் நுழைந்தவர்களை மட்டும் அனுமதித்து, 2 மணிக்கு மூடிவிடும். நாங்கள் 7.30க்கே போய்விட்டோம். எங்களுக்கு முன்னால் வரிசை மதில் ஓரமாகத் திரும்பி, கண்ணுக்கு எட்டாத தூரம் போய்க்கொண்டிருந்தது. ‘இன்னும் இரண்டே நிமிடத்தில்’ என்று வானொலியில் சொல்லிச் சொல்லியே நேயர்களைப் பத்து நிமிடம் உட்கார வைப்பவள் நான். அதையே சொல்லிச் சொல்லி அம்மாவை இரண்டரை மணி நேரம் நிற்க வைத்தேன். உள்ளே போன பிறகும் நடையல்ல, தள்ளல்தான். மைக்கேலேஞ்சலோ கூரையில் தீட்டிய சிஸ்டைன் சிற்றாலயத்தில் உட்காருவதற்குச் சுவரோரம் பலகை உண்டு. அன்று ஓர் அங்குலம்கூடக் காலியில்லை. அம்மா தலையை நிமிர்த்தி ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு, “போதும்மா, கிளம்பலாம்” என்றார்.

திரும்பி வந்து மறுபடியும் அந்த 92 படி. திங்கட்கிழமை காலை முழங்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது.

சாதாரண நாளில் வாத்திகன் நுழைவு 20 யூரோ. இணையத்தில் முன்பதிவு செய்தால் இன்னும் 5 யூரோ. முன்பதிவு செய்தவர்கள் குறித்த நேரத்தில் நேராக உள்ளே போய்விடலாம். எங்கள் மூவருக்கும் அப்படி 65 யூரோ ஆகியிருக்கும், அதாவது 325 ரிங்கிட். அதை மிச்சப்படுத்தப் போய் ஒரு முழு நாளும் ஒரு முழங்காலும் போனது. இளைஞர்கள் தாராளமாக இலவச ஞாயிறு போங்கள், 7 மணிக்கு முன்பே நில்லுங்கள். பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் வாத்திகனுக்குப் பணம் கட்டிவிடுங்கள்.

மருந்துக்கடைக்குப் போய் வலிநிவாரணிக் களிம்பும் முழங்கால் உறையும் வாங்கினேன். பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தால் அது மருந்துக்கடை. பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறார்கள், பொறுமையாகக் கேட்டுத் தருகிறார்கள். பிறகு அறைக்குத் திரும்பி, கைப்பேசியில் வேறு தங்குமிடம் தேட உட்கார்ந்தேன். அம்மா படுத்தபடியே கேட்டார். “கட்டின காசு?” திரும்ப வராது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கன்னிமாடத்து அறை

ரோமில் பல கிறிஸ்துவத் துறவற இல்லங்கள் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுகின்றன. ‘காசா பெர் ஃபெரியே’ என்று தேடினால் கிடைக்கும். எந்தச் சமயத்தவரும் தங்கலாம். அலங்காரம் இருக்காது, தொலைக்காட்சி பெரும்பாலும் இருக்காது. கட்டில், மேசை, சுத்தமான குளியலறை, எளிய காலைச் சாப்பாடு. இரவில் குறித்த நேரத்துக்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். எங்கள் இடத்தில் 11 மணி. குடும்பமாகப் போகிறவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை. டிராஸ்டெவரே பகுதியில் கிடைத்த அந்த அறை மூவருக்கும் சேர்த்து ஓர் இரவுக்கு 96 யூரோ. தொலைபேசியில் நான் கேட்ட முதல் கேள்வி ‘அஷென்சோரே?’ மின்தூக்கி என்று பொருள். இத்தாலிய மொழியில் வேறு எந்த வார்த்தையும் கற்றுக்கொள்ளாவிட்டாலும் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

வரவேற்பு முகப்பில் இருந்த கன்னியர் கேரளத்துக்காரர். தமிழ்ப் படம் பார்த்துப் பழகிய தமிழ் அவருடையது. அம்மாவைப் பார்த்ததும், “அம்மே, கால் வலிக்குதா?” என்றார். ஒரு வாளி வெந்நீரும் உப்பும் வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து தினமும் மாலையில் இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து ஒருமணி நேரம் பேசினார்கள். தன் பயணத்தின் சிறந்த பகுதி அதுதான் என்று அம்மா இப்போதும் சொல்கிறார். கொலோசியம் இரண்டாவதுதானாம்.

எங்கே தங்கினாலும் நகர வரி என்று ஒன்று தனியாக உண்டு. தங்குமிடத்தின் தரத்தைப் பொறுத்து ஒருவருக்கு ஓர் இரவுக்குச் சில யூரோ. முன்பதிவுத் தொகையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது, நேரில் கேட்பார்கள். பத்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இல்லை. எங்களுக்கு மொத்தம் 120 யூரோ வந்தது. முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி, ரயில், ஒரு தண்டம்

ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து தெர்மினிக்கு நேரடி விரைவு ரயில் ஆளுக்கு 14 யூரோ, 32 நிமிடம். டிராஸ்டெவரே பக்கம் போகும் சாதாரண ரயில் 8 யூரோ. பேருந்து இன்னும் மலிவு. வெள்ளை நிற டாக்சி, பழைய நகர மதிலுக்குள் எங்கே போனாலும் நிலையான கட்டணம் 55 யூரோ. இது வண்டிக்கு, ஆளுக்கல்ல. பெட்டிகளும் அதில் சேர்த்தி. நான்கு பேர் குடும்பம் என்றால் விரைவு ரயிலைவிட டாக்சி ஒரு யூரோ மலிவு! வாசல் வரை வந்துவிடும் வேறு. மூன்று பேர் என்றாலும் வயதானவர்கள் கூட இருந்தால் டாக்சிதான் என் பரிந்துரை. ஆனால் வருகையாளர் கூடத்தில் ‘டாக்சி, டாக்சி’ என்று கையைப் பிடிக்கிறவர்களோடு போகாதீர்கள். வெளியே வரிசையில் நிற்கும் வண்டியில் ஏறி, கட்டணத்தை முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நகருக்குள் பேருந்து, டிராம், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். பேருந்து எத்தனை முறையும் மாறலாம், மெட்ரோ ஒருமுறை. காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, பேருந்தில் ஏறியதும் இயந்திரத்தில் செருகி முத்திரை இட வேண்டும். நான் மூன்று டிக்கெட்டில் இரண்டை முத்திரையிட்டேன். நெரிசலில் மூன்றாவதை மறந்துவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர்கள் ஏறினார்கள். முத்திரை இல்லாத அந்த ஒரு டிக்கெட் அம்மாவின் கையில்! காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்தானே என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. உடனே கட்டியதால் ஏறக்குறைய 55 யூரோவோடு போயிற்று. “முப்பத்திரண்டு வருஷம் வாத்தியார் வேல பார்த்தேன். ஒருத்தர் என்னைத் திருடின்னு பார்த்ததில்ல” என்று அம்மா இறங்கும் வரை முணுமுணுத்தார். வங்கி அட்டையைத் தொட்டும் கட்டணம் செலுத்தலாம். ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை தேவை.

தெர்மினியிலிருந்து வாத்திகன் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்தும் மெட்ரோவும் ஜேப்படித் திருடர்களுக்குப் பேர் போனவை. பையை முன்னால் மாட்டுங்கள், கைப்பேசியைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள். வேறு பயம் தேவையில்லை. இரவு ஒன்பது மணிக்கும் நாங்கள் மூன்று பெண்களும் நிம்மதியாக நடந்தோம்.

மூக்குக் குழாயும் கத்தரிக்கோல் பீட்சாவும்

ரோமில் தண்ணீர் போத்தல் வாங்குவது வீண். தெரு முனைகளில் இரும்புத் தூண் மாதிரிக் குழாய்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். வளைந்த மூக்கு போல இருப்பதால் ‘நாசோனி’ என்று பெயர். 1874இல் வைக்கத் தொடங்கியவை. இப்போது ஏறக்குறைய 2,500 இருக்கின்றன. நல்ல குடிநீர், பல்லைக் கூசவைக்கும் குளிர்ச்சி. குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் வளைந்து பீய்ச்சும். குனியாமல் குடிக்கலாம். அக்கா மகளுக்கு இதுதான் ரோமின் முதல் அதிசயம். ஒவ்வொரு குழாயிலும் நின்று அடைத்துப் பார்த்து, ஒருமுறை எனக்கே குளியல் நடத்திவிட்டாள்.

காப்பியை நின்றுகொண்டு குடியுங்கள். முகப்பில் நின்றால் ஒரு எஸ்பிரெசோ 1.20, 1.30 யூரோதான். அதே கடையில் சதுக்கத்தைப் பார்த்த மேசையில் உட்கார்ந்தால் மூன்று, நான்கு மடங்கு. சில கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் காப்பி போடுகிறவரிடம் நீட்ட வேண்டும். அம்மா உட்கார வேண்டும் என்பதால் முக்கிய சதுக்கங்களை விட்டு இரண்டு தெரு தள்ளிப் போவோம். அங்கே உட்காரும் விலையும் தாங்கக்கூடியது. கழிவறை பிரச்சினையும் அதே காப்பியோடு தீர்ந்துவிடும்.

பகலுக்கு ‘பீட்சா அல் தாலியோ’. பெரிய தட்டுகளில் நீள்சதுரமாகச் சுட்டு வைத்திருப்பார்கள். எவ்வளவு வேண்டும் என்று விரலால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டு, காகிதத்தில் மடித்துத் தருவார்கள். உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், வெறும் தக்காளி என்று சைவத்தில் நிறைய வகை உண்டு. மூவருக்கும் 12 முதல் 15 யூரோவில் வயிறு நிறைந்துவிடும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் சில சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். மான்ஸோ என்றால் மாடு, வித்தெல்லோ என்றால் கன்று, மயாலே பன்றி, பொல்லோ கோழி. ‘ராகு’ என்ற சாஸில் பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்திருக்கும். கார்போனாராவிலும் அமாத்ரிச்சியானாவிலும் பன்றிக் கன்னத்துக் கொழுப்பு உண்டு. சுப்லி எனப்படும் சோற்று உருண்டை பார்க்க நம்ம ஊர் பலகாரம் மாதிரி இருக்கும், வழக்கமான செய்முறையில் உள்ளே இறைச்சிச் சாறு. ‘சென்ஸா கார்னே’, இறைச்சி இல்லாமல், என்று கேட்டே வாங்குங்கள். சுத்த சைவர்களுக்கு ஒன்று: பர்மெசான், பெக்கொரினோ பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிக்கச் சேர்ப்பது கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள். வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கிடைத்தது மரினாரா பீட்சா. பாலாடைக்கட்டியே இல்லாமல் தக்காளியும் பூண்டும் மட்டும். சோறு இல்லாமல் நாக்கு ஏங்கினால் பியாத்சா வித்தோரியோ பக்கம் போங்கள். தெற்காசியக் கடைகள் நிறைய, எஸ்குவிலினோ சந்தையில் பச்சை மிளகாய், கொத்தமல்லி, வெண்டைக்காய் எல்லாம் கிடைக்கும். அம்மா பச்சை மிளகாய் ஒரு பொட்டலம் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பீட்சாவுக்கு நடுவே அது வெளியே வரும்.

காசில்லாமல் பார்த்தவை

புனித பேதுரு பேராலயத்துக்குக் கட்டணமே இல்லை. காலை 7 மணிக்குப் போனால் பாதுகாப்புச் சோதனை வரிசையும் குறைவு. மைக்கேலேஞ்சலோவின் பியத்தா சிலை உள்ளேதான் இருக்கிறது. மாடத்து உச்சிக்கு 551 படிகள் என்று படித்ததும் நானும் அக்கா மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டோம். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். ஒரு சால்வை கையில் இருக்கட்டும்.

அருங்காட்சியகத்தில் காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய ஓவியங்களும் சிற்பங்களும் இந்த ஊரில் தேவாலயச் சுவர்களில் சும்மா இருக்கின்றன. நவோனா சதுக்கத்துக்கு அருகில் சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசி தேவாலயத்தில் கரவாஜியோவின் மூன்று ஓவியங்கள், சாந்தா மரியா தெல் பொப்போலோவில் இரண்டு, சான் பியேத்ரோ இன் வின்கோலியில் மைக்கேலேஞ்சலோவின் மோசே சிலை. பல தேவாலயங்கள் நண்பகலில் மூடி, மாலையில் மறுபடி திறப்பார்கள். சில இடங்களில் நாணயம் போட்டால்தான் விளக்கு எரியும். வேறு யாராவது போடும்வரை காத்திருப்பதும் ஒரு சிக்கனம்தான். நாங்கள் அப்படிச் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன்.

பாந்தியோன் முன்பு இலவசம். 2023 ஜூலை முதல் 5 யூரோ, 18 வயதுக்குக் கீழ் இலவசம். கொடுங்கள், அழவே வேண்டாம். ஏறக்குறைய 1,900 ஆண்டு பழமையான கட்டடம். குவிமாடத்தின் அகலமும் தரையிலிருந்து அதன் உயரமும் ஒன்றே, 43.3 மீட்டர். இரும்புக் கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றுவரை இதைவிடப் பெரியது கிடையாது. நடுவில் சுமார் ஒன்பது மீட்டர் அகலத்தில் திறந்த வட்டம். நாங்கள் உள்ளே இருக்கும்போது மழை பிடித்தது. அந்த வட்டம் வழியாக மழை ஒரு தூண் போல இறங்கி, பளிங்குத் தரையில் விழுந்து, அங்கே இருக்கும் சிறு துளைகளில் வடிந்தது. காவலர்கள் கயிற்றை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள், அவ்வளவுதான். அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மழை விடும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம். “தோட்டத்து வீட்டில முற்றம் இப்படித்தான் நனையும்” என்றார்.

ஸ்பானியப் படிகளில் மட்டும் உட்காராதீர்கள். 2019 முதல் தடை, தண்டம் 400 யூரோ வரை போகும். அம்மா மூன்றாவது படியில் ‘அப்பாடா’ என்று உட்கார்ந்த மறுநொடி காவலரின் விசில் அடித்தது. முழங்கால் உறையைக் காட்டிக் கையைக் கூப்பினேன். சிரித்துவிட்டு, எழுந்திருக்கச் சைகை காட்டினார்.

கொலோசியத்துக்கு இலவச ஞாயிறு வேண்டாம் என்று திங்கட்கிழமையே முடிவாகிவிட்டது. வியாழனுக்கு 18 யூரோ டிக்கெட். ரோமன் ஃபோரமும் பாலத்தைன் குன்றும் அதில் அடக்கம். 18 வயதுக்குக் கீழ் இலவசம், ஆனாலும் டிக்கெட் பதிவு செய்ய வேண்டும். ஒரு மாதம் முன்னால்தான் விற்பனை திறக்கும். பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும், வாசலில் பார்க்கிறார்கள். இந்த டிக்கெட்டை நான் மலேசியாவிலேயே எடுத்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் மாலை நேரம் ஒன்று கிடைத்தது அதிர்ஷ்டம்.

மிளகு

அந்த ஃபோரம் இடிபாடுகளில் மாக்சென்ஷியஸ் மண்டபம் என்று மூன்று பெரிய வளைவுகள் நிற்கும். அதன் அடியிலும் ஓரத்திலும் முதலாம் நூற்றாண்டில் தொமிஷியன் பேரரசர் கட்டிய மிளகுக் கிடங்குகளின் எச்சம் இருக்கிறது. ‘ஹோரேயா பிப்பெராதாரியா’ என்று பெயர். இதைக் கைப்பேசியில் வாசித்துச் சொன்னதும் அம்மா நின்றுவிட்டார். “எந்த ஊரு மிளகுன்னு நினைக்கிற?” சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து போன மிளகு. யவனர் கப்பல் பற்றிய அகநானூற்றுப் பாடலை அம்மா அங்கேயே ஒப்பித்தார். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அவரை வழிகாட்டி என்று நினைத்து நெருங்கி வந்தார்கள்.

ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஷியஸ் நாணயத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று பிளினி அந்தக் காலத்திலேயே புலம்பியிருக்கிறார். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து நாணயங்கள் கோயம்புத்தூர் வட்டாரத்து மண்ணிலிருந்து குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. கடைசி நாளான முதல் ஞாயிறன்று எல்லாரும் கொலோசியத்துக்கு ஓட, நாங்கள் தெர்மினி அருகே உள்ள பலாத்சோ மாசிமோவுக்குப் போனோம். அதுவும் அன்று இலவசம், கூட்டமோ மிகக் குறைவு. மேல்தளத்தில் லிவியா மாளிகையின் தோட்டச் சுவரோவியம், கீழ்த்தளத்தில் நாணயக் காட்சி. அம்மா ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகக் குனிந்து பார்த்தார். அப்பா ஆல்பத்தை இப்படித்தான் குனிந்து பார்ப்பார். முந்தின நாள் இரவு நாங்கள் சாப்பிட்டது ‘காச்சோ எ பெப்பே’, பெக்கொரினோவும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா. அம்மாவுக்குப் பிடித்த ஒரே பாஸ்தா அதுதான். “நம்ம சரக்குதானே” என்றார்.

கணக்கு

விமானம் 8,700 ரிங்கிட். முதல் அறை 2,400, கன்னிமாடம் ஆறு இரவுக்கு 2,880, நகர வரி 600. சாப்பாடு நாளுக்கு 50 யூரோ வீதம் 2,000. டாக்சி, பேருந்து, தண்டம் எல்லாம் சேர்த்து 1,125. நுழைவுக் கட்டணம் வெறும் 230. பயணக் காப்புறுதி 450, கைப்பேசி இணையம் 100, மருந்துக்கடை 125. ஆக மொத்தம் 18,610 ரிங்கிட். முதல் நாளே கன்னிமாடத்தில் தங்கி, அந்த மூன்றாவது டிக்கெட்டையும் முத்திரையிட்டிருந்தால் 16,895இல் முடிந்திருக்கும். அப்பா காசுக்குள்.

அதிகமான தொகையை என் அட்டையில் போட்டுவிட்டு அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. விமானத்தில் அவர் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தார். எல்லா ரசீதும் தேதி வாரியாக ஒட்டியிருந்தது. “ஆயிரத்து அறுநூறு உன்னோடது. மாசம் இருநூறா தர்றேன்” என்றார். எட்டு மாதம், தவணை தவறாமல் தந்தார். கடைசிப் பத்து ரிங்கிட்டை மட்டும் தள்ளுபடி செய்யச் சம்மதித்தார்.

ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. வாத்திகனுக்கென்று தனி அஞ்சல் சேவை உண்டு, பேதுரு சதுக்கத்திலேயே அஞ்சலகம் இருக்கிறது. அம்மா அங்கே ஓர் அஞ்சலட்டையும் வாத்திகன் அஞ்சல்தலையும் தன் கைக்காசில் வாங்கினார். நோட்டில் அது எழுதப்படவில்லை. முகவரி எங்கள் வீட்டு முகவரிதான், பெயர் அப்பாவுடையது. நாங்கள் திரும்பி மூன்று வாரம் கழித்து அட்டை வந்தது. தபால்காரர் அப்பாவோடு வேலை பார்த்தவர். பெட்டியில் போடாமல் கேட்டருகே நின்று மணியடித்தார்.

அட்டையை ஆல்பத்தில் இத்தாலிப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் செருகியிருக்கிறார். அஞ்சல்தலையை மட்டும் பிரித்து ஒட்டலாமே என்று அக்கா மகள் கேட்டாள். “முத்திரை விழுந்தது அப்படியே இருக்கட்டும்” என்றார் பாட்டி.